டிம்பர் ராட்டில்ஸ்நேக்: வால் வளையத்தை எண்ணி வயது சொல்லலாமா?

மலைப்பாதை (கேள்வி):
அமெரிக்காவின் பென்சில்வேனியா மலைக்காடுகளில் இருக்கும் டிம்பர் ராட்டில்ஸ்நேக் (குரோட்டலஸ் ஹாரிடஸ்) என்ற, வால் நுனி வளையங்களை ஆட்டிக் கிலுகிலுக்கும் விஷப்பாம்பு பற்றிச் சில சந்தேகங்கள். வாலில் எத்தனை வளையமோ அத்தனை வயது என்கிறார்களே, சரிதானா? ஒரே பாறையில் கறுப்பும் மஞ்சளுமாக நாலைந்து கிடக்கும் படங்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே இனமா? ஏன் இப்படிச் சேர்ந்து கிடக்கின்றன?

விரியன் பித்தன்:
வயது சொல்ல முடியாதுங்க. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் வாலோடு ஒட்டிய பக்கத்தில் ஒரு வளையம் கூடும். நல்ல இரை கிடைத்த ஆண்டில் இரண்டு முறைகூட உரிக்கும். பழைய வளையங்கள் நுனியிலிருந்து உடைந்து விழுந்துகொண்டும் இருக்கும். படத்தில் நுனியைப் பாருங்கள். வளையங்கள் குறுகிக்கொண்டே போய் பொத்தான் போன்ற உருண்டை நுனியில் முடிந்தால் எதுவும் உடையவில்லை, இளம் பாம்பு. எல்லாம் ஒரே அகலம், நுனி வெட்டினாற்போல இருந்தால் முதிர்ந்தது. அதற்கு மேல் கணக்கு நிற்காது.

கறுப்பு, மஞ்சள் இரண்டும் ஒரே இனம்தான். கோடையில் பாறையில் கூடிக் கிடப்பவை பெரும்பாலும் சினைப் பாம்புகள். வயிற்றுக் கருக்கள் வளர வெப்பம் வேண்டும். அதனால் நிழலில்லாத பாறையை விட்டு அதிகம் நகராமல், இரையும் அநேகமாக எடுக்காமல், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் குட்டி போடும். குட்டிகள் முதல் சட்டை உரிக்கும்வரை, ஒரு வாரம் பத்து நாள், தாயருகிலேயே இருக்கும். பிறகு பெரிய பாம்புகளின் வாசனைத் தடத்தைப் பிடித்து, பல பாம்புகள் சேர்ந்து குளிர்காலத்தைக் கழிக்கும் வளைக்குப் போய்ச் சேரும்.

காட்டோரம்:
மற்றவை அந்த நேரத்தில் காட்டுக்குள் இரைக்குக் காத்திருக்கும். விழுந்த மரத்தை ஒட்டிச் சுருண்டு, மரத்தின் மேல் முகவாயை வைத்துப் படுத்திருக்கும். எலியும் சிப்மங்க் என்ற சிறு அணிலும் அந்த மரத்தின்மேல்தான் ஓடும். கடித்ததும் விட்டுவிட்டு, வாசனை பிடித்துப் போய் விழுங்கும். அதனால் மலையேறுகிறவர்கள் விழுந்த மரத்தை ஒரே எட்டில் தாண்டக் கூடாது. மேலே ஏறி நின்று, மறுபக்கம் பார்த்து, பிறகு இறங்குங்கள். காலடி கேட்டதும் கிலுகிலுக்கும் என்று நம்ப வேண்டாம். பல நேரம் சத்தமே காட்டாமல் அசையாது கிடக்கும்.

விரியன் பித்தன்:
இன்னொன்று. இந்த இனம் வாழும் பரப்பின் வடபகுதியில் பெண் பாம்பு முதல் குட்டி போடவே 7 முதல் 10 ஆண்டு ஆகும். பிறகும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான். சினைப் பாம்பு ஒன்றைக் கொன்றால் அந்த வளைக்கு அது பேரிழப்பு. வெர்மான்டில் 1971 வரை, கொன்ற ஒவ்வொரு பாம்புக்கும் பரிசுப் பணம் கொடுத்தார்கள். மெய்ன், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் இந்த இனமே அற்றுப்போனது. நியூயார்க் 1983இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. தயவுசெய்து படத்தைப் பதிவேற்றும் முன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். பாம்பு ஆண்டுதோறும் அதே வளைக்கே திரும்பும் என்பதால், பாம்பைத் திருடுபவருக்கு ஒரு முறை இடம் தெரிந்தால் போதும்.

மலைப்பாதை:
நன்றி. வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டால் தூரமாகக் கொண்டுபோய் விடலாமா?

காட்டோரம்:
கூடாது. தெரியாத காட்டில் விட்டால் வளையைத் தேடி அலைந்து, பனிக்காலத்துக்குள் புகலிடம் கிடைக்காமல் சாகும். குழந்தை, நாயை உள்ளே அழைத்துக்கொண்டு பல அடி தள்ளி நில்லுங்கள், பெரும்பாலும் தானே போய்விடும். போகாவிட்டால் மாநில வனவிலங்குத் துறையைக் கூப்பிடுங்கள். பயிற்சி பெற்றவர் கொக்கியால் எடுத்துப் பக்கத்துக் காட்டிலேயே விடுவார். விறகுக் குவியலையும் கற்குவியலையும் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், எலி அங்கேதான் சேரும்.