நிமிஷத்துக்கு 60 சொல், 45 வட்டம்: டெல்டா பள்ளிகளில் பார்த்ததைப் பகிருங்க

வெட்டாறு
அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்காக ஒன்றிய அரசு கொண்டுவந்த நிபுன் பாரத் திட்டத்தோட இலக்குப் பட்டியல் எல்லாருக்கும் தெரியும்: மூணாப்பு முடியும்போது நிமிஷத்துக்கு 60 சொல், அர்த்தம் புரிஞ்சு வாசிக்கணும். வெண்ணாத்தங்கரை ஊர் ஒண்ணுல, ஈராசிரியர் பள்ளி. மூணாப்புப் பொண்ணு ஒண்ணை நேரம் வச்சு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னாங்க. பத்தி நல்லாத்தான் போச்சு. "நாற்றங்காலிலிருந்துதான்" வந்ததும் பொண்ணு நின்னுடுச்சு. நாற்... றங்... கா... லி... ஸ்டாப்வாட்சை ஒரு பார்வை. மறுபடி முதல்லேர்ந்து, இந்தத் தடவை ஒரே மூச்சுல முழுசா.

விதி என்னன்னா, 3 வினாடி தயங்கினா சொல்லை எடுத்துக் கொடுத்துட்டுத் தப்புன்னு குறிக்கணும். பிள்ளை தானா திருத்திக்கிட்டா சரின்னு குறிக்கணும். இங்க ரெண்டும் ஒரே சொல்லுல நடந்துடுச்சு. தப்புன்னே போட்டாங்க. நிமிஷத்துக்கு மொத்தம் 37 சொல். பத்தியிலிருந்து கேட்ட நாலு கேள்விக்கும் பதில் பளிச்சுன்னு வந்துச்சு. நாத்தை எத்தனை நாள்ல பறிக்கணும்ங்கறது யாரும் கேட்காமலே கூடுதலா வந்துச்சு. இந்தியில் உருபெல்லாம் பெரும்பாலும் தனிச் சொல்லா நிக்கும், எண்ணிக்கை தானா ஏறும். நமக்கு எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே சொல்லாப் போயிடுது.

தாளடி
வெட்டாறு சார், ரெண்டு விஷயத்தைக் கலக்குறீங்க. 60ங்கிறது 2021 ஜூலையில் வந்த நிபுன் இலக்கு. 2022 மார்ச்சில் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வு வேற. அதுல பிள்ளையைத் தனியா உட்கார வச்சுக் கேட்டாங்க, 20 மொழிக்கும் தனித்தனி அளவுகோல் போட்டாங்க. நீங்க சொல்ற குறை அங்க கவனிக்கப்பட்டாச்சு. கீழே இறங்கி வரும்போது அந்த அளவுகோல் காணாமப் போயி, சுவர்ல ஒட்டுற தாளில் பொது 60 மட்டும் தங்கிடுது. தேசிய அளவில் இலக்கு நிர்ணயமே கூடாதுன்னு சொல்றதுக்கு இது காரணம் ஆகாது.

உளுந்துவயல்
2024 டிசம்பர் 4, பரக் ஆய்வு, அதாவது பிள்ளைகளோட கற்றலை அளக்குற தேசிய ஆய்வு. ஃபெஞ்சல் மழை விட்ட வாரம், வகுப்புத் தரை இன்னும் ஈரம். மூணாப்புக்கு 45 கேள்வி: மொழி 15, கணக்கு 15, சுற்றுப்புறம் 15. நேரம் 90 நிமிஷம். பிள்ளை வினாத்தாள்லயே குறிக்கும், கள ஆய்வாளர் அதைப் பார்த்து ஓ.எம்.ஆர். தாளில் (வட்டத்தைக் கருப்பாக்குற விடைத்தாள்) ஏத்தணும். ஒரு பையன் 11ஐ விட்டுட்டான். தாளில் அந்த வரிசையைக் காலியா விடாம, 12க்கான விடையை அதுல கருப்பாக்கியாச்சு. கணக்குப் பகுதியோட முதல் விடை மொழியின் கடைசி வரிசையில் விழுந்துச்சு. முடிக்கும்போது ஒரு வரிசை மிச்சம் இருக்கவும்தான் ஏத்திக்கிட்டிருந்த கள ஆய்வாளர் பொண்ணுக்கு முகம் வெளுத்துச்சு. பால்பாயிண்ட் பேனா, அழிக்க வழியில்லை.

அடுத்த தடவை போறவங்களுக்கு: ஏத்தறதுக்கு முன்னாடி வினாத்தாளைப் புரட்டி, விடுபட்ட கேள்வி எண்ணைத் தனித்தாளில் குறிச்சுக்குங்க. வரிசைக்குக் கீழே ஸ்கேல் வைங்க. 15லயும் 30லயும் நிறுத்தி, பகுதியோட கடைசி விடை ரெண்டு இடத்திலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. பள்ளியோட அடையாள எண்ணான 11 இலக்க யுடைஸ் எண்ணை முதல்லயே நிரப்பிடுங்க, கடைசி அவசரத்துல இலக்கம் மாறும். 30 பேருக்கு மேல இருந்தா வருகைப் பட்டியலை வச்சுக் குலுக்கல் முறையில்தான் எடுக்கணும், ஹெச்.எம். கைகாட்டுற கெட்டிக்காரப் பிள்ளைகளை இல்லை. அப்புறம், பள்ளிவாரி மதிப்பெண்ணே வெளிவராது. நாடு முழுக்க 74,229 பள்ளி, 781 மாவட்டம். மாவட்டக் கணக்குதான் கையில் கிடைக்கும். "எங்க பள்ளி எத்தனாவது?"ன்னு பள்ளி மேலாண்மைக் குழு (எஸ்.எம்.சி.) கூட்டத்துல கேட்டா பதில் கிடையாது.

பழவாறு
தாளடி, கவனிக்கப்பட்டாச்சுன்னா 2021 நவம்பரை என்ன சொல்வீங்க? ஒண்ணு முதல் எட்டு வரை நவம்பர் 1ல திறந்தாங்க, ஒண்ணரை வருஷத்துக்கும் மேல பூட்டிக் கிடந்த பிறகு. 4ல தீபாவளி, பின்னாடியே மழை. 12ல தேசிய அடைவு ஆய்வு. பென்சில் பிடிக்கவே விரல் மறந்த பிள்ளைகள். அப்புறம் இன்னும் ஒரு படி மேல போனாங்க: பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலைன்னு, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25க்கான 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சுது.

தாளடி
மாநில நிர்ணயம் மட்டும் சொகுசா வந்துச்சா? எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம்னு வந்த சமச்சீர் கல்விச் சட்டம் 2010. அடுத்த வருஷம் ஜூன்ல பள்ளி திறந்தாச்சு, கையில புத்தகம் இல்லை. ஆட்சி மாறினதும் அதை நிறுத்தி வச்சாங்க; அமல்படுத்தியே ஆகணும்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2011 ஆகஸ்ட் 9. அதுக்கப்புறம் வந்த புத்தகத்துல சில இடத்துல ஸ்டிக்கர். கும்பகோணம் பக்கம் பசங்க அந்தப் பக்கத்தை வெயில்ல தூக்கிப் பிடிச்சு, அடியில என்ன இருக்குன்னு எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. அந்த வருஷம் அத்தனை ஆர்வமா வேற எந்தப் பக்கத்தையும் யாரும் படிச்சிருக்க மாட்டாங்க.

சம்பா டீச்சர்
ரெண்டு அண்ணன்களும் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க. வெட்டாறு சார், அந்தப் பொண்ணுக்கு வேகப் பயிற்சி கொடுத்துடாதீங்க. நீளச் சொல்லை உருபு பிரிச்சு விரலால மூடிக் காட்டணும்: நாற்றங்கால், அப்புறம் நாற்றங்காலில், அப்புறம் மீதி. ஒரே பத்தியை மூணு தடவை, கடைசித் தடவை மட்டும் நேரம். ஸ்டாப்வாட்ச் மேசைக்கு அடியில். பாடநூல் பத்தி வேண்டாம், மனப்பாடம் வேகமாத் தெரியும். அந்த நாலு விடைக்குப் படிவத்துல கட்டம் இல்லையா?

வெட்டாறு
இருக்கு டீச்சர், ரெண்டாம் பக்கத்துல. வாங்கிட்டுப் போனது முதல் பக்கத்தை மட்டும்தான்.