சங்கக்கார இருந்த இடம்

குழு: எங்கள் வளவு
24 மே 2018, வியாழன்

மாமா: கோலி வரமாட்டாராம். போன கிழமை பெங்களூரில் ஐதராபாத் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தில் ஏற்பட்ட காயத்தால் ஜூன் மாதம் இங்கிலாந்தின் கவுண்டி கிரிக்கெட்டில் எங்கள் சரே கழகத்துக்கு விளையாட முடியாது என்று இந்தியக் கிரிக்கெட் சபை அறிவித்துவிட்டது. அவர் ஆடவிருந்த கில்ட்ஃபோர்ட் ஆட்டத்துக்கு நான் நான்கு சீட்டுகள் எடுத்து வைத்திருப்பது உங்கள் அனைவருக்கும் தெரியும்.

மாமி: தெரியாமல் எப்படி? மூன்று கிழமையாக அவை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்துக்குக் கீழே இருக்கின்றன. பால் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் இவர் அவற்றை நேராக்கி வைக்கிறார்.

நான்: கோலிக்குத்தான் பெரிய நட்டம், மாமா. 2014இல் இங்கே இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில், பத்து இன்னிங்ஸில், 134 ஓட்டங்கள் மட்டுமே எடுத்தார். அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்காகத்தான் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான டெஸ்டைக்கூட விட்டுவிட்டு இங்கு வர ஒப்புக்கொண்டிருந்தார்.

மாமா: அவருடைய நட்டத்தை அவர் பார்த்துக்கொள்வார், தம்பி. எனக்குக் கவலை எங்கள் கழகத்தைப் பற்றியது. இலங்கையின் சங்கக்கார எங்களுக்காகப் போன வருடம் கவுண்டி சம்பியன்ஷிப்பில் பத்து ஆட்டங்களில் எட்டுச் சதங்களுடன் 1491 ஓட்டங்கள் எடுத்துவிட்டு, சராசரி நூற்றைத் தாண்டி நிற்கும்போதே, போதும் என்று விடைபெற்றார். அந்த இடத்துக்கு முதலில் மிட்செல் மார்ஷை எடுத்தார்கள், கணுக்காலில் சத்திரசிகிச்சை என்று அவர் நின்றுவிட்டார். பிறகு கோலி, இப்போது கழுத்து. காயம் மேலே மேலே ஏறிக்கொண்டு வருகிறது. அடுத்தவரைத் தலைக்கவசத்தோடு வந்து கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: யாழ்ப்பாணத்தில் இப்போது இரவு பத்து மணி ஆகிறது, ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. லங்கஷயர் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் பாகிஸ்தானின் வசீம் அக்ரம் தலைவராக இருந்தார், கழகம் இரண்டாம் இடம் பெற்றது. அவர் போனதும் 1999 உலகக் கிண்ணம் முடிந்த கையோடு எங்கள் முரளிதரன் அங்கே போய், சவுத்போர்ட்டில் தன் முதல் ஆட்டத்திலேயே வார்விக்ஷயருக்கு எதிராகப் பதினான்கு விக்கெட்டுகளைச் சாய்த்தார். அந்தப் பருவத்தில் பாதிக்கும் குறைவான ஆட்டங்களில் விளையாடி மொத்தம் 66 விக்கெட்டுகள் எடுத்தார். கழகம் மறுபடியும் இரண்டாம் இடந்தான். 2000இல் முரளிக்குப் பதில் கங்குலி, ஒரு பந்துவீச்சாளர் போன இடத்துக்குத் துடுப்பாட்டக்காரர். அப்போதும் இரண்டாம் இடம். மூன்று வருடம், மூன்று நட்சத்திரம், ஒரே இடம். கடைசி இரண்டு வருடங்களிலும் கிண்ணத்தைக் கொண்டுபோனது யார் என்பது உங்கள் கழகத்துக்காரருக்கு நினைவிருக்கும்.

மாமா: சரேதான், அண்ணை. அப்போது நான் வந்து இரண்டு வருடங்கூட ஆகவில்லை, கழகத்தின் மைதானமான ஓவலுக்குப் போவதற்குக் கையில் காசும் இல்லை.

மாமா: ஆனால் நான் கேட்பது ஓட்டங்களை மட்டும் அல்ல. 2011இல் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் சங்கக்கார ஆற்றிய உரையை இந்தக் குழுவில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. 1983 கலவரத்தின்போது கண்டியில் தன் தகப்பனார் தமிழ் நண்பர்களையும் அவர்களின் குடும்பங்களையும் வீட்டில் ஒளித்து வைத்திருந்ததையும், விளையாடத் துணை கிடைத்ததே என்று விவரம் அறியாத சிறுவனாகத் தான் மகிழ்ந்ததையும் அத்தனை பெரிய சபையின் முன்னால் சொன்னார். அந்த வருடம் யார் யார் எந்தெந்த வீட்டில் ஒளித்திருந்தோம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவர் முழங்காலை மடித்துக் கவர் பக்கமாக அடிக்கும்போது, பந்து எல்லைக் கயிற்றுக்குப் போகும் முன்பே நான் எழுந்து நின்றுவிடுவேன். இப்போது எங்களுக்கு ஆடும் தென்னாபிரிக்காவின் எல்கர் அடித்தால் எனக்கு அப்படி எழும்ப வருமா?

மாமி: வராது. போன முறை போனபோது எல்கர் துடுப்பெடுத்தாடிய நேரம் முழுவதும் இவர் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா: மாமா, எழும்புவது வேறு, வெல்வது வேறு. சங்கக்கார அத்தனை ஓட்டம் எடுத்தும் போன வருடம் நாங்கள் மூன்றாம் இடத்தில்தான் முடித்தோம். சம்பியன்ஷிப்பில் ஒரே ஒரு வெளிநாட்டு வீரரைத்தான் இறக்கலாம். அதனால் அவருக்குப் பதில் இன்னொரு சங்கக்கார என்று தேடிக்கொண்டிருந்தால் வருடம் முழுவதும் ஆட்களின் மருத்துவ அறிக்கைகளைத்தான் வாசித்துக்கொண்டிருப்போம். கழகத்தின் கிரிக்கெட் இயக்குநர் அலெக் ஸ்டுவர்ட் செய்த உண்மையான வேலை கோலியை அழைத்தது அல்ல, தென்னாபிரிக்க வேகப்பந்து வீச்சாளர் மோர்னி மோர்கலைக் கொண்டு வந்தது. சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அவர் கோல்பாக் முறையில் வருவதால் வெளிநாட்டு வீரர் கணக்கிலேயே சேரமாட்டார்.

மாமி: கோல்பாக் என்றால் என்ன பிள்ளை? ஏதோ தலையிடிக் குளிசையின் பெயர் போல இருக்கிறது.

அக்கா: ஒரு மனிதரின் பெயர், மாமி. ஜெர்மனியில் விளையாடிய ஸ்லோவாக்கிய ஹாண்ட்போல் வீரர். ஐரோப்பிய ஒன்றியத்தோடு உடன்படிக்கை உள்ள நாட்டவர் இங்கே சட்டப்படி வேலை செய்தால், அவரை வெளிநாட்டவர் என்று ஒதுக்கக் கூடாது என்று 2003இல் அவருடைய வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் தென்னாபிரிக்கக்காரர்கள் வருகிறார்கள். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியதும் அது பூட்டப்படும்.

மாமா: சரி, மோர்கல் விக்கெட் எடுப்பார். ஓட்டம் எடுப்பது யார்?

அக்கா: இந்த மாதம் யோர்க்ஷயருக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 158 எடுத்தாரே ஒலி போப், அவர். இருபது வயது. போன வருடம் சங்கக்காரவோடு ஒரே உடைமாற்றும் அறையில் இருந்த பையன். அந்த நாள் நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள், ஆனால் கோலி எந்த முனையிலிருந்து துடுப்பெடுத்தாடுவார், எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மாமா: பார்த்தேன். நல்ல பையன்தான். ஆனால் சங்கக்கார இல்லை.

13 செப்டெம்பர் 2018, வியாழன்

அக்கா: வூஸ்டரில் மூன்று விக்கெட்டுகளால் வென்று, இரண்டு ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போதே சரே சம்பியன் ஆகிவிட்டது. 2002க்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

நான்: கவுண்டி ஆட்டம் ஒன்றுகூட விளையாடாத கோலி, நேற்று முன்தினம் ஓவலில் முடிந்த டெஸ்ட் தொடரில் 593 ஓட்டங்கள் எடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கும் எங்கள் கழகம் தேவைப்படவில்லை, எங்களுக்கும் அவர் தேவைப்படவில்லை.

பெரியப்பா: வாழ்த்துகள். தம்பி, இப்போது சொல்லுங்கள், அந்த 1491 ஓட்டங்களை யார் எடுத்தார்கள்?

மாமா: ஒருவர் எடுக்கவில்லை, அண்ணை. தலைவர் ரொரி பேர்ன்ஸ் ஆயிரத்தைத் தாண்டிப் போனார். போப்பை இங்கிலாந்து அணி பறித்துக்கொள்ளும் அளவுக்கு அவர் அடித்தார். லோர்ட்ஸில் டெஸ்டும் விளையாடிவிட்டார். மோர்கல் வந்து எறிந்த எறியில், எதிரணிகளுக்கு எதிராக அத்தனை ஓட்டங்கள் எடுக்க வேண்டிய தேவையே குறைந்துபோயிற்று. கில்ட்ஃபோர்டுக்குக் கோலியைப் பார்க்கச் சீட்டு எடுத்து, போப்பைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பதை இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன்.

அக்கா: எழும்பினீர்களா?

மாமா: ஒரு தடவை.

மாமி: இரண்டு தடவை. இரண்டாவது தடவை மடியில் இருந்த தேநீர்க் குவளை கீழே விழுந்தது.

மாமா: கடைசி ஆட்டம் 24ஆம் தேதி ஓவலில், எசெக்ஸுக்கு எதிராக. ஐந்து சீட்டுகள் எடுத்திருக்கிறேன். யார் யார் வருகிறீர்கள் என்பதை இன்றிரவே சொல்லுங்கள்.

மாமி: எத்தனை ரோல்ஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.