வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டில் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்த பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி?

புதுத்தெரு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மொழி தெரியாத நாட்டில் மளிகை வாங்குபவர்களுக்குப் பயன்படும் கேள்வி இது. செல்போன் கேமராவை பாக்கெட்டின் மேல் காட்டினால் ‘லைட்’, ‘ஃபிட்’, ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’, ‘0% கொழுப்பு’ என்றுதான் மொழிபெயர்ப்பு வருகிறது. எதை எடுத்தாலும் ஆரோக்கியமானது மாதிரியே இருக்கிறது. என் சந்தேகங்கள்:

முதலாவது, எத்தனை கிராமுக்குள் இருந்தால் உண்மையிலேயே ‘குறைவு’? இரண்டாவது, மொழி தெரியாமலே பின்பக்க அட்டவணையைப் படிக்க வழி உண்டா? மூன்றாவது, பால், தயிர், சீஸ் வாங்கும்போது அந்தச் சதவீதங்களை எப்படிப் புரிந்துகொள்வது? கொழுப்பைக் குறைத்த தயிரில் சர்க்கரை அதிகமாக இருக்கிறதே, ஏன்?

படிக்கல்:

முன்பக்கத்தை மறந்துவிடுங்கள், அது விளம்பரப் பலகை. பாக்கெட்டைத் திருப்பி, 100 கிராமுக்கு அல்லது 100 மி.லி.க்கு என்று போட்டிருக்கும் பத்தியை மட்டும் பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருந்தால் மொழியே தேவையில்லை. அங்கே அட்டவணையின் வரிசையைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது. 2016 டிசம்பர் முதல் அட்டவணை கட்டாயம். முதல் வரி ஆற்றல், இரண்டாவது கொழுப்பு, மூன்றாவது அதில் நிறைவுற்ற கொழுப்பு, நான்காவது கார்போஹைட்ரேட், ஐந்தாவது அதில் சர்க்கரை. பிறகு புரதம், கடைசியில் உப்பு. நார்ச்சத்து போட்டிருந்தால் சர்க்கரைக்கும் புரதத்துக்கும் நடுவில் வரும். ஆக இரண்டாவது வரியும் ஐந்தாவது வரியும் போதும். எந்த மொழியானாலும் வரிசை மாறாது; மற்ற கொழுப்பு வகைகளையும் தனித்தனியாகப் போட்டிருந்தால் மட்டும் சர்க்கரை வரி அந்த அளவு கீழே தள்ளிப்போகும்.

அளவுகோல், அதே ஒன்றியத்தின் விதிப்படி: ‘குறைந்த கொழுப்பு’ என்று எழுத 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, திரவமானால் 1.5 கிராம். ‘குறைந்த சர்க்கரை’ என்றால் 5 கிராம், திரவத்தில் 2.5. ‘கொழுப்பற்றது’, ‘சர்க்கரையற்றது’ இரண்டுக்கும் 0.5 கிராம். மேல் எல்லைக்கு, பாக்கெட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் காட்டும் பிரிட்டனின் போக்குவரத்து விளக்கு முறையைப் பிடித்துக்கொள்ளலாம்: 100 கிராமில் கொழுப்பு 17.5, சர்க்கரை 22.5, நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமைத் தாண்டினால் சிவப்பு.

இதில் ‘லைட்’ என்ற சொல்தான் ஏமாற்றும். அதே வகைப் பொருளைவிட ஏதோ ஒன்று 30 சதவீதம் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். 100 கிராமில் 33 கிராம் கொழுப்புள்ள சிப்ஸ் 23 கிராமுக்கு இறங்கினால் ‘லைட்’ ஆகிவிடும். அப்போதும் அது சிவப்புதான்.

இடறி விழும் இடங்கள் இரண்டு. பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். 1,5 என்றால் ஒன்றரை, பதினைந்து அல்ல. கேமரா மொழிபெயர்ப்பு சில நேரம் அந்தக் கமாவை விழுங்கிவிடும். இன்னொன்று, ஆற்றல் வரியில் முதலில் நிற்கும் பெரிய எண் கிலோஜூல். 1500 என்று பார்த்துப் பதறவேண்டாம், 4.2-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 357 கிலோகலோரி.

மோர்க்குடம்:

தயிர்க் கேள்விக்கு வருகிறேன், அதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

பாலிலேயே லாக்டோஸ் என்கிற சர்க்கரை 100 மி.லி.க்கு 4.7 முதல் 5 கிராம் வரை உண்டு. அதனால் எதுவும் சேர்க்காத தயிரிலும் சர்க்கரை வரியில் 4, 5 என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் தயிரையே ஒதுக்கவேண்டாம். 5-க்கு மேல் இருப்பதுதான் வெளியிலிருந்து வந்தது. வடிகட்டிய கெட்டித் தயிரில் நீரோடு லாக்டோஸ் கொஞ்சம் போய்விடுவதால் 3 முதல் 4 கிராம்தான் இருக்கும், புரதம் 9, 10 வரை ஏறும்.

கொழுப்பை எடுத்தால் சர்க்கரை ஏறுவது ஏன்? வாயில் வழவழப்பையும் மணத்தையும் தாங்கி நிற்பது கொழுப்புதான். அதை எடுத்துவிட்டால் தயிர் புளித்தண்ணீர் போல ஆகும். அந்த இடத்தை நிரப்ப மாவுப்பொருளும் சர்க்கரையும் வருகின்றன. கொழுப்பு குறைத்த வேர்க்கடலை வெண்ணெயிலும் இதே கதைதான்: எண்ணெய் போன இடத்தில் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுப்பொருளும் சர்க்கரையும் உட்கார்ந்துகொள்ளும், கலோரி ஏறத்தாழ அப்படியே இருக்கும். விலை கொடுத்து நல்ல எண்ணெயை இழப்பதுதான் மிச்சம். அதற்குச் சாதாரண வேர்க்கடலை வெண்ணெயையே வாங்கலாம், பொருள் பட்டியலில் கடலை மட்டும், இல்லையென்றால் கடலையும் உப்பும் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து.

பால்: ஐரோப்பிய வகைப்படி முழுப்பால் குறைந்தது 3.5 சதவீதம், பாதி ஆடை எடுத்தது 1.5 முதல் 1.8, ஆடை நீக்கியது 0.5-க்குள். அமெரிக்காவில் 3.25, 2, 1, பிறகு ஆடை நீக்கியது. மூடி, லேபிளின் நிறத்தை நம்பிப் பழகாதீர்கள். பிரிட்டனில் சிவப்பு என்றால் ஆடை நீக்கிய பால். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் முழுப்பாலுக்குத்தான் சிவப்பு போடுகின்றன. நாடு மாறினால் எண்ணைப் பாருங்கள். ‘2 சதவீதம்’ எடையைக் குறிக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். 100 மி.லி.யில் 2 கிராம் கொழுப்பு என்றால் 18 கலோரி. மொத்தமே சுமார் 50 கலோரி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்துதான்.

சீஸ் வேறு கணக்கு. ஜெர்மனி போன்ற நாடுகளில் முன்பக்கத்தில் 45 சதவீதம் என்று போட்டிருப்பது உலர் எடையில் உள்ள கொழுப்பு. தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் கெட்டி சீஸில் 100 கிராமுக்கு 25 முதல் 28 கிராம் வரை இருக்கும். நேர்மாறாக, 20 சதவீதம் என்று எழுதிய குவார்க் என்கிற தயிர் போன்ற மென்மையான சீஸில் உண்மையில் சுமார் 5 கிராம்தான். 20 என்று பார்த்துப் பயந்து திரும்ப வைத்துவிடாதீர்கள்.

புதுத்தெரு:

ரொம்ப நன்றி. ஐந்தாவது வரி யோசனை அருமை. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதானா? ‘சர்க்கரையற்ற’ பிஸ்கட் பாக்கெட்டை எடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

கணக்குநோட்டு:

அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே எண்கள் ஒரு பரிமாறல் அளவுக்கு (ஒரு தடவை சாப்பிடுவது என்று லேபிளில் போட்டிருக்கும் அளவு), 100 கிராமுக்கு அல்ல. அதனால் இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது முதலில் பரிமாறல் எத்தனை கிராம் என்று பாருங்கள், பிறகு எண்ணை அதனால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 30 கிராமுக்கு 9 கிராம் சர்க்கரை என்றால் 100 கிராமுக்கு 30.

இந்த அளவில்தான் வித்தை நடக்கும். ஒரு பரிமாறலில் 0.5 கிராமுக்குக் குறைந்தால் 0 என்று போடலாம். சமையல் எண்ணெய் ஸ்ப்ரேயின் பரிமாறல் அளவு கால் விநாடி அழுத்தல், கால் கிராம் எண்ணெய். உள்ளே இருப்பது எண்ணெய், லேபிளில் கொழுப்பு 0! வாணலியில் நாலு விநாடி அடித்தால் 4 கிராம் போய்விடும். அரை கிராமுக்கும் குறைந்த எடையுள்ள மிட்டாயும் இப்படியே, முழுக்க சர்க்கரையாக இருந்தாலும் 0 கிராம்.

ஒரு நல்ல விஷயமும் அங்கே உண்டு. ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்று தனி வரி இருக்கிறது; ஐரோப்பிய அட்டவணையில் அது கிடையாது. நாள் அளவு 50 கிராம் என்று வைத்து, பக்கத்தில் சதவீதமும் தருகிறார்கள். 5 சதவீதம் வரை குறைவு, 20-க்கு மேல் அதிகம்.

கனடாவில் பொருள் பட்டியலில் எல்லா வகைச் சர்க்கரையையும் ‘சர்க்கரைகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒன்றாகக் காட்டவேண்டும். இது மற்ற நாடுகளிலும் வந்தால் நன்றாக இருக்கும், ஏனென்றால் பட்டியல் எடை வரிசையில் போகும். சர்க்கரையை ஒரே பெயரில் எழுதினால் முதலிடம் வந்துவிடும் என்று குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாறு அடர்வு என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். ‘ஓஸ்’ என்று முடிகிற பெயர்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதல் ஏ முதல் டி வரை தரம் உண்டு. 100 மி.லி.யில் சர்க்கரை 1 கிராம் வரை ஏ, 5 வரை பி, 10 வரை சி, அதற்கு மேல் டி. நிறைவுற்ற கொழுப்பு கூடினாலும் தரம் இறங்கும்.

சர்க்கரையற்ற பிஸ்கட்: சர்க்கரை வரியில் 0.4 இருக்கும், மைதாவும் கொழுப்பும் அப்படியே இருக்கும். இனிப்புக்குப் பெரும்பாலும் மால்ட்டிட்டால், அதாவது பாலியால் (சர்க்கரை ஆல்கஹால்) என்ற வகை இனிப்பூட்டி. பாலியால்களுக்கு ஐரோப்பியக் கணக்கில் கிராமுக்கு 2.4 கலோரி, சர்க்கரைக்கு 4. அதாவது பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. 10 சதவீதத்துக்கு மேல் பாலியால் இருந்தால், அதிகம் தின்றால் பேதியாகும் என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போடவேண்டும். அது சும்மா போட்டதல்ல. மால்ட்டோடெக்ஸ்ட்ரினையும் கவனியுங்கள்: சட்டப்படி அது ‘சர்க்கரை’ வரியில் வராது, ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் குளுக்கோஸுக்குச் சளைத்ததல்ல. சர்க்கரை நோய் உள்ளவர்கள் நான்காவது வரியான கார்போஹைட்ரேட்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வேர்முடிச்சு:

கொஞ்சம் மறுத்துப் பேசவேண்டியிருக்கிறது. 3 கிராம் விதியை எல்லாவற்றுக்கும் வைத்தால் ஓட்ஸே தேறாது: அதில் 7, 8 கிராம் கொழுப்பு உண்டு. பாதாம், கொழுப்பு மீன் எல்லாம் வெளியே போய்விடும், வெள்ளை பிரெட்டும் ஜெல்லி மிட்டாயும் உள்ளே வந்துவிடும். இது தலைகீழ். இயற்கையாகக் கொழுப்புள்ள பொருளில் மூன்றாவது வரியை, நிறைவுற்ற கொழுப்பை, மட்டும் பாருங்கள்.

பிரெட்டில் பார்க்கவேண்டியது நார்ச்சத்து: 100 கிராமில் 6-க்கு மேல், சர்க்கரை 5-க்குக் கீழ். நிறம் பழுப்பாக இருப்பது முழுக்கோதுமைக்கு அடையாளமல்ல, மால்ட்டும் கேரமலும் போட்டால் யாரும் பழுப்பாக்கலாம்.

அடுக்குப்பெட்டி:

அலமாரி அலமாரியாகச் சொல்கிறேன். உறைந்த காய்கறி வாங்குங்கள். பட்டியலில் காய்கறி மட்டும் இருக்கவேண்டும், சாஸோ வெண்ணெயோ சேர்த்த பாக்கெட் வேண்டாம். டின் பயறு தண்ணீரில் ஊறியதாக இருந்தால் நல்லது, வடிகட்டி நன்றாக அலசினால் உப்பும் கணிசமாகக் குறையும். தக்காளி சாஸில் ஊறியதில் சர்க்கரை ஒளிந்திருக்கும். டின் மீன் எண்ணெயிலா தண்ணீரிலா, டின் பழம் சிரப்பிலா சொந்தச் சாற்றிலா என்று பார்க்கவேண்டும். பாஸ்தா சாஸ் வாங்கும்போது தக்காளிக்கே 3, 4 கிராம் இயற்கைச் சர்க்கரை உண்டு என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள். 9 என்று நின்றால் மீதி யார் போட்டது என்று தெரிந்துவிடும்.

பழச்சாறு தனி விஷயம். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பது உண்மைதான், ஆனால் 100 மி.லி.க்கு சுமார் 10 கிராம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சாற்றிலுள்ள சர்க்கரையையும் ‘கட்டற்ற சர்க்கரை’யாகவே, அதாவது வரம்பு வைத்த வகையாகவே, எண்ணுகிறது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராம் உச்சவரம்பு, முடிந்தால் 25-க்குள் என்கிறது. 250 மி.லி. கிளாஸ் ஒன்றிலேயே அந்த 25 முடிந்தது. ‘நெக்டர்’ என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம், அதில் சர்க்கரை சேர்க்க அனுமதி உண்டு. ஓட்ஸ் பானத்தில் சர்க்கரையே சேர்க்காமல் 3, 4 கிராம் இருக்கக் காரணம், தயாரிக்கும்போது நொதி மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் ஆக்கிவிடுவது.

பார்கோடு ஸ்கேன் செய்ய ‘ஓபன் ஃபுட் ஃபேக்ட்ஸ்’ செயலி பல நாட்டுப் பொருள்களுக்கும் உதவும். தன்னார்வலர்கள் பதிவேற்றுவது என்பதால் செய்முறை மாறிய பொருளுக்குப் பழைய எண் நிற்கலாம். கையிலிருக்கும் பாக்கெட்டோடு ஒத்துப்பாருங்கள்.

புதுத்தெரு:

சரியாகப் புரிந்ததா என்று சோதித்துக்கொள்ள ஒரு லேபிள். ‘0% கொழுப்பு’ பழத் தயிர், 150 கிராம் கப். 100 கிராமுக்கு: கொழுப்பு 0.1, கார்போஹைட்ரேட் 13.2, சர்க்கரை 12.6, புரதம் 4.1. எடுக்கலாமா?

மோர்க்குடம்:

முதலில் எண்கள் ஒத்துவருகின்றனவா பாருங்கள்: கொழுப்பை 9-ஆலும் மற்ற இரண்டையும் 4-ஆலும் பெருக்கினால் 0.9, 52.8, 16.4, கூட்டினால் 70 கலோரி. லேபிளிலும் அதை ஒட்டியே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் வேறு பத்தியைப் படிக்கிறீர்கள்.

12.6-இல் பாலின் பங்கு சுமார் 4.5. மீதி 8 கிராம் பழமும் சர்க்கரையும். கப் முழுவதும் தின்றால் 12 கிராம், மூன்று டீஸ்பூன். பட்டியலில் பழம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 6 சதவீதம் என்றால் 150 கிராம் கப்பில் பழம் 9 கிராம், ஒரு ஸ்ட்ராபெரிகூடத் தேறாது. அந்த 12 கிராமில் பழத்தின் பங்கு அரை கிராம் பக்கம்தான் வரும்.

பக்கத்திலேயே வெறும் தயிர் இருக்கும், அதை எடுங்கள். வீட்டில் அரை வாழைப்பழம் நறுக்கிப் போட்டுக்கொள்ளலாம். இனிப்பு போதவில்லை என்று ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டாலும் 4 கிராம்தான்.