அன்கண்டிஷனல் ஆஃபரை ஏற்றால் மற்றது போய்விடுமா? அவசரம், உதவுங்கள்

செல்வம்_பி
வணக்கம் நண்பர்களே. பையனுக்கு ஒரு யுனிவர்சிட்டியில் அன்கண்டிஷனல் ஆஃபர் (மார்க் நிபந்தனை இல்லாமல் இடம்), இன்னொன்றில் கண்டிஷனல் ஆஃபர் (கேட்ட மார்க் வந்தால்தான் இடம்) வந்திருக்கிறது. அவன் ஆசைப்படுவது கண்டிஷனல் வந்த இடத்துக்கு. அதை நம்பி இருந்து, மார்க் குறைந்துவிட்டால் இரண்டும் போய்விடுமோ என்று வீட்டில் ஒரே கவலை. அன்கண்டிஷனலை ஏற்றுக்கொண்டால் மற்றதை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறார்கள். உண்மையா? பதில் போட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

நெல்லை_ஜெயா
எந்த நாடு அண்ணா? எந்தப் படிப்பு? பரீட்சை முடிந்துவிட்டதா, இனிமேல்தானா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

கோவை_பாலா
அண்ணா, டெபாசிட் கட்டிவிட்டீர்களா? என் அக்கா மகளுக்கு பிளஸ் டூ மார்க் வந்த பிறகுதான் லண்டனிலிருந்து அன்கண்டிஷனல் வந்தது. உடனே டெபாசிட் கட்டி, சிஏஎஸ் (விசாவுக்கு யுனிவர்சிட்டி தரும் உறுதிச் சான்று) வாங்கி, விசாவுக்குப் போட்டோம். தாமதித்தால் விசா தேதி கிடைக்காது. கண்டிஷனலை விடுங்கள், கையில் இருப்பதைப் பிடியுங்கள்.

லண்டன்_ரவி
கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நாடு, தேர்வு, படிப்பு, ஆஃபர் கடிதத்தில் உள்ள வாசகம், இந்த நான்கையும் எழுதாமல் பதில் எதிர்பார்க்கக் கூடாது என்று இங்கே எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

பாலா, நீங்கள் சொல்வது இந்தியாவிலிருந்து வரும் மாணவர்களின் கதை. இவர் கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன். யூகாஸ் (பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் பொது அமைப்பு) வழியாக விண்ணப்பித்த பிரிட்டன் மாணவர் என்றால் விதி இதுதான்: வந்த ஆஃபர்களில் ஒன்றை ஃபர்ம் (முதல் தேர்வு), ஒன்றை இன்சூரன்ஸ் (முதல் தேர்வு கிடைக்காவிட்டால் மாற்று) என்று வைக்கலாம். அன்கண்டிஷனலை ஃபர்ம் ஆக்கினால் அன்றோடு முடிந்தது. இன்சூரன்ஸ் வைக்க முடியாது, மற்ற ஆஃபர் எல்லாம் போய்விடும்.

ஆனால் இங்கே எனக்குப் பெரிய சந்தேகம் இருக்கிறது. பரீட்சை எழுதாத பிள்ளைக்கு இப்போதெல்லாம் யாரும் அன்கண்டிஷனல் கொடுப்பதில்லை. அந்தக் காலம் 2020-லேயே முடிந்தது. வந்தது போலி மெயிலாக இருக்கும். கவனம்.

கலா_டீச்சர்
ரவி சார், போலி என்று சொல்லி அவரைப் பயமுறுத்த வேண்டாம். யூகாஸ் கணக்கில் நுழைந்து பார்த்தால் ஆஃபர் அங்கேயே இருக்கும். மெயிலை நம்ப வேண்டிய தேவையே இல்லை. செல்வம் சார், முதலில் அதைப் பாருங்கள்.

நான் கிழக்கு லண்டனில் சிக்ஸ்த் ஃபார்மில் (பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டு) பாடம் எடுக்கிறேன். இசை, ஓவியம் போன்ற படிப்புகளில் நேர்முகமும் படைப்புகளும் பார்த்து இன்றும் அன்கண்டிஷனல் தருகிறார்கள். ஏற்கெனவே மார்க் வாங்கியவர்களுக்கும் வரும். நின்றுபோனது வேறு வகை. 'எங்களை ஃபர்ம் ஆக்கினால் மட்டும் அன்கண்டிஷனல், இல்லாவிட்டால் பழைய மார்க் நிபந்தனையே' என்று நெருக்குவார்களே, அது. இன்சூரன்ஸில் வைத்தால் திரும்பவும் கண்டிஷனலாக மாறிவிடும்.

லண்டன்_ரவி
நானும் அதைத்தான் சொன்னேன். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் 2013-ல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு மொத்தம் 2,985 அன்கண்டிஷனல் ஆஃபர். 2018-ல் 67,915. இங்கிலாந்தில் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பை 2015-ல் எடுத்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தலைக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டணம் என்று ஆள் பிடிக்க இறங்கியது. படிப்பு மேல் அக்கறையில் கொடுத்ததா இது?

எழில்
ஆனால் சில பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி. என் தங்கை கடைசி வருடத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்தாள். அந்த ஆஃபர் இருந்ததால்தான் பரீட்சைக்கே போனாள். எல்லாவற்றையும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியாது.

கலா_டீச்சர்
எழில், உடல்நலக் காரணத்துக்குக் கொடுப்பதை யாரும் குறை சொல்லவில்லை. நான் பார்த்தது வேறு. பிப்ரவரியில் ஆஃபர் வந்ததும் நன்றாகப் படித்த பையன் புத்தகத்தை மூடிவிட்டான். ஆகஸ்டில் மூன்று பாடத்திலும் எதிர்பார்த்ததைவிடக் கீழே. யுனிவர்சிட்டி எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த ஏ லெவல் (இங்கிலாந்துப் பள்ளி இறுதித் தேர்வு) மார்க் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும், பின்னால் வேலைக்குப் போகும்போது சில கம்பெனிகள் கேட்கின்றன. அன்கண்டிஷனல் கிடைத்தவர்கள் கணித்த மார்க்கைத் தவறவிடுவது அதிகம் என்று யூகாஸே வெளியிட்டது. 'ஃபர்ம் ஆக்கினால் மட்டும்' என்று நெருக்கும் வழக்கத்தைக் கைவிடும்படி 2019-ல் அப்போதைய கல்வி அமைச்சர் டேமியன் ஹிண்ட்ஸ் 23 பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார்.

எழில்
அப்படியானால் கோளாறு கணிப்பு மார்க்கில் இருக்கிறது. ரிசல்ட் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடம் ஊகித்துச் சொல்லும் மார்க்கை வைத்து இடம் கொடுப்பதே தவறு. நம் ஊரில் மார்க் வந்த பிறகுதானே கவுன்சலிங் நடக்கிறது?

கோவை_பாலா
அதைச் சொல்லுங்கள்! பிளஸ் டூ ரிசல்ட், ரேங்க், அப்புறம் கல்லூரி. எவ்வளவு தெளிவு!

லண்டன்_ரவி
ஊர்ப் பெருமையை வேறு இழையில் பேசலாம். செல்வம் எங்கே? கேள்வி போட்டவரைக் காணவில்லை.

செல்வம்_பி
வேலையில் இருந்தேன். நாங்கள் அபர்டீனில் இருக்கிறோம். போன வருடம் ஹையர் (ஸ்காட்லாந்துப் பள்ளித் தேர்வு) ஐந்தும் ஏ. இப்போது அதற்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் ஹையர் மூன்று எழுதுகிறான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அன்கண்டிஷனல் இங்கே ஸ்காட்லாந்தில், கண்டிஷனல் மான்செஸ்டரில். யூகாஸ் கணக்கில் இரண்டும் இருக்கிறது.

நெல்லை_ஜெயா
ஸ்காட்லாந்தா! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா. நாங்கள் எல்லாரும் ஏ லெவலை நினைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பரமு_கிளாஸ்கோ
தம்பி, பயப்பட ஒன்றுமில்லை. ஸ்கொட்லாந்தில் இது வழமையான விசயம். இங்கே பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டிலேயே ஹையர் எழுதி முடிக்கினம். யூனி கேட்கிற மார்க் கையில் இருந்தால், ஆறாம் ஆண்டில் விண்ணப்பிக்கும்போது நேரே அன்கண்டிஷனல் வரும். உங்கட மகன் உழைத்து வாங்கினது அது. 2020-ல் முடிந்தது என்று ரவி சொன்னது, ஒஃபிஸ் ஃபோர் ஸ்டூடன்ட்ஸ் அப்போது தற்காலிகமாகப் போட்ட தடை. அந்த ஒஃபிஸ் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்கிற அமைப்பு, ஸ்கொட்லாந்தில் அதற்கு அதிகாரம் இல்லை.

இனி உங்கட கேள்வி. மான்செஸ்டரை ஃபர்ம் ஆக வையுங்கோ, இங்கத்தைய அன்கண்டிஷனலை இன்சூரன்ஸ் ஆக வையுங்கோ. அதற்கு யூகாஸில் இடம் இருக்கு. மார்க் வந்தால் மான்செஸ்டர். வராமல் மான்செஸ்டர் கைவிட்டால் இங்கே இடம் உறுதி. தலைகீழாக வைத்தால்தான் சிக்கல். அன்கண்டிஷனலை ஃபர்ம் ஆக்கினால் மற்றது போய்விடும்.

கடிதத்தை ஒருமுறை வடிவாக வாசியுங்கோ. 'ஃபர்ம் ஆக்கினால் மட்டும்' என்று எங்கேயாவது எழுதியிருந்தால் கலா டீச்சர் சொன்ன வகை. ஹையர் மார்க்குக்குக் கிடைத்த ஆஃபரில் அது இருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் பாருங்கோ.

இன்னொன்று, மகனிடம் கேளுங்கோ. மான்செஸ்டர் மார்க் வந்துவிட்டால் அங்கேதான் போக வேண்டும். ஆகஸ்டில் மனம் மாறி 'அபர்டீனிலேயே இருக்கிறன்' என்றால் இன்சூரன்ஸுக்குத் தானாக மாற ஏலாது. முதலில் மான்செஸ்டர் இடத்தை விட வேண்டும். அதற்குப் பிறகு இங்கே திரும்ப எடுப்பினமா என்பது அவையின்ர முடிவு.

கலா_டீச்சர்
பரமு அண்ணா சொன்னது சரி. ஹாஸ்டலையும் விசாரியுங்கள். பல இடங்களில் முதலாமாண்டு அறைக்கு உத்தரவாதம் ஃபர்ம் வைத்தவர்களுக்கு மட்டும்தான். வீடு அபர்டீனில் என்றால் உங்களுக்கு அது கவலை இல்லை. அப்புறம், பதில் போடும் கடைசி நாளைத் தவற விட்டால் எல்லா ஆஃபரும் தானாக நிராகரிக்கப்பட்டுவிடும். இன்றைக்கே கணக்கில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

லண்டன்_ரவி
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்காட்லாந்துப் பிள்ளை ஸ்காட்லாந்தில் படித்தால் கட்டணம் ஆண்டுக்கு 1,820 பவுண்ட், அதையும் சாஸ் (ஸ்காட்லாந்து அரசின் மாணவர் உதவி அமைப்பு) கட்டிவிடும். மான்செஸ்டர் என்றால் 2025-26 கணக்கில் ஆண்டுக்கு 9,535 பவுண்ட், அது கடன். இதற்கு மேல் எதற்கு யோசனை?

பரமு_கிளாஸ்கோ
அதுவும் நியாயம்தான். ஆனால் ஓனர்ஸ் பட்டத்துக்கு இங்கே நாலு வருசம், அங்கே மூன்று. ஒரு வருச வாழ்க்கைச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேணும். இங்கே சில யூனிகளில் அட்வான்ஸ்ட் ஹையர் நல்லா வந்தால் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதையும் கேளுங்கோ. அதனால் அன்கண்டிஷனல் என்பதற்காக இந்த வருசப் படிப்பை விடக் கூடாது.

தம்பி, ஐஎல்ஆர் (பிரிட்டனில் காலவரையறையில்லாமல் தங்க அனுமதி) அல்லது குடியுரிமை இருக்கா? அன்கண்டிஷனல் என்றால் மார்க்குக்கு மட்டும்தான். யார் எவ்வளவு கட்டணம் கட்ட வேணும் என்பது வேறு கணக்கு. வேலை விசாவில் இருந்தால் சாஸிடம் எழுதிக் கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ.

எழில்
கடன் என்றாலும் சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால்தானே கட்ட வேண்டும். பையன் ஆசைப்படுவது மான்செஸ்டர். அவனிடம் பணக் கணக்கை மட்டும் காட்டினால் எப்படி?

லண்டன்_ரவி
கணக்கைக் காட்டாமல் இருப்பது அதைவிட மோசம். பதினெட்டு வயதில் இதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருக்கும். இரண்டு இடத்தின் செலவையும் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுங்கள். முடிவை அவன் எடுக்கட்டும்.

செல்வம்_பி
ஐஎல்ஆர் இருக்கிறது. கடிதத்தில் 'ஃபர்ம் ஆக்கினால்' என்று எதுவும் இல்லை. மான்செஸ்டர் ஃபர்ம், இங்கே இன்சூரன்ஸ் என்று போட்டாயிற்று. பையனே உட்கார்ந்து போட்டான். எல்லாருக்கும் நன்றி.

தாரிணி_எடின்பரோ
இதே இழையில் கேட்கலாமா? என் மகளுக்கு நர்சிங். ஹையர் மார்க் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஆஃபர் இன்னும் கண்டிஷனல் என்றே காட்டுகிறது. ஏன்?

பரமு_கிளாஸ்கோ
பிவிஜி பின்னணிச் சோதனையும் உடல்நலப் படிவமும் முடியாமல் இருக்கும், தங்கச்சி. நர்சிங்கில் மார்க் சரியாக இருந்தாலும் அவை முடியும்வரை கண்டிஷனல்தான். யூனி அனுப்பின மெயிலில் படிவம் இருக்கா பாருங்கோ. இல்லாவிட்டால் அட்மிஷன்ஸுக்குப் ஃபோன் எடுத்துக் கேளுங்கோ.