மாமி வீட்டு ரீவியும் எங்கள் சின்னவனும்

2023 தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது, நவம்பர் 12. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற என் கணவரின் அக்கா வீட்டுக்குப் போனோம். எனக்கு மச்சாள், பிள்ளைக்கு மாமி. மெரைன் டிரைவ் பக்கம், ஆறாம் மாடி. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும்.

வீடு நிறையச் சனம். ஆண்கள் எல்லாரும் ஹோலில் இந்தியா - நெதர்லாந்து மட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கைக் கிரிக்கெட்டை ஐசிசி இடைநிறுத்தி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அதனால் மட்சைவிட அந்தக் கதைதான் சூடாக நடந்தது. நான் குசினியில் மச்சாளோடு வடை பொரித்துக்கொண்டு நின்றேன். மகனுக்கு அப்போது இரண்டரை வயது. அலுப்படிக்காமல் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து ஒரு இரும்புக் காரை நான்தான் பையில் போட்டுக் கொண்டு போயிருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற கார், ஆனால் பாரம்.

'டக்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் 43 அங்குல ரீவியின் நடுவில் சிலந்தி வலை மாதிரி ஒரு வெடிப்பு. அதிலிருந்து மை கசிவது போலக் கறுப்புப் பரவிக்கொண்டு போனது. மற்றப் பக்கம் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். படம் போய்விட்டது, சத்தம் மட்டும் நிற்கவில்லை. பெங்களூரு மைதானத்துச் சனம் கைதட்டிக்கொண்டே இருந்தது. யாரோ எழும்பிப் போய்ச் சுவிட்சை நிற்பாட்டினார்.

அந்த நிமிஷம் என் வாயில் வந்தது இதுதான்: "சின்னப்பிள்ளைதானே மச்சாள், தெரியாமல் செய்துபோட்டான்."

மச்சாள் கொஞ்ச நேரம் ரீவியைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "பரவாயில்லை, விடும். பிள்ளைக்குக் கையில காலில ஒண்டும் படேல்லைதானே?" என்று கேட்டா.

அந்த இரண்டு வசனத்தையும் அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டு கிடந்தேன். 'சின்னப்பிள்ளைதானே' என்று சொல்லுகிற உரிமை மச்சாளுக்குத்தான் இருந்தது. பொருளை இழந்தவர் சொன்னால் அது பெருந்தன்மை. நான் சொன்னபோது, 'இனி எங்களிடம் ஒன்றும் கேட்காதீர்கள்' என்று கதவைச் சாத்தினது போல ஆகிவிட்டது. அவன் சின்னப்பிள்ளை என்பது உண்மை. நான் சின்னப்பிள்ளை இல்லையே. இரும்புக் காரைக் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனது நான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவுக்குள் அவன் கையில் ஒரு அடி போட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு மணித்தியாலத்துக்கு முந்தி நடந்ததையும் அந்த அடியையும் இரண்டரை வயதுப் பிள்ளை எப்படி முடிச்சுப் போடும்? அழுதழுது என் தோளிலேயே நித்திரையாகிவிட்டான்.

இவர், "அக்காதானே, கேட்டா குடுப்பம்" என்றார். கேட்கமாட்டா என்று இரண்டு பேருக்கும் தெரியும். நாலாம் நாள் மாமியார் போனில் கதைக்கும்போதுதான் அந்த ரீவி சீட்டுக் காசில் எடுத்தது என்று தெரிந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய்ந்ததில் விலையெல்லாம் ஏறின பிறகு, மாதம் மாதம் கட்டின சீட்டு விழுந்து எடுத்ததாம். வாங்கி ஒரு வருஷமும் ஆகவில்லை.

அடுத்த சனிக்கிழமை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். வாரன்டி இருந்தாலும் அடிபட்டு உடைந்ததற்குச் செல்லாது. பனல் மாற்ற 70 ஆயிரத்துக்கு மேலே கேட்டார்கள், புதிது ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் அளவில் கிடந்தது. ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதம் ஆகப்போகிறது, எடுக்கிறதென்றால் இப்போதே எடுங்கள் என்று கடைக்காரரும் சொன்னார். எங்கள் கையில் அவ்வளவு இல்லை.

அன்று பின்னேரமே மச்சாள் வீட்டுக்குப் போனோம். இந்தமுறை நான்தான் முதலில் கதைத்தேன். "மச்சாள், அண்டைக்கு நான் சொன்னது பிழை. கவனமில்லாமல் இருந்தது நான். ரீவியை நாங்கள்தான் சரிப்பண்ணித் தரவேணும். ஒரேயடியாகத் தர ஏலாது, மூண்டு மாசத்தில தாறம்." முதலில் மறுத்தா. பிறகு, "பழசுக்குப் புதுசை உங்களிட்ட வாங்க எனக்கு மனமில்லை. பனலுக்கு ஆகிற காசை மட்டும் தாங்கோ, மிச்சத்தை நான் போட்டுப் புதுசு எடுக்கிறன்" என்றா. டிசம்பரிலேயே புது ரீவி வந்துவிட்டது. பெப்ரவரியில் நாங்கள் கட்டி முடித்தோம்.

உங்கள் வீடுகளில் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். உடைத்த பிள்ளையின் பக்கம் மட்டுமில்லை, உடைபட்ட வீட்டுப் பக்கத்தையும் கேட்க விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மம்மா

நான் உடைபட்ட வீட்டுக்காரி. தங்கச்சியின் பேத்தி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்ததில் என் தேத்தண்ணிக் கேத்தலும் இரண்டு கோப்பையும் போயின. மாத்தளையில் செய்கிற நொரிடேக் பீங்கான் செட். என்ர அவர் முதல் போனஸில் வாங்கித் தந்தது. பிள்ளையின் தாய் உடனே கைப்பையைத் திறந்து, "எவ்வளவு பெரியம்மா?" என்று எல்லாருக்கும் முன்னால் காசை எண்ணத் தொடங்கினாள். நல்ல மனதோடுதான் செய்தாள் என்று தெரியும். ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காசை நான் தொடவில்லை. அவள் ஒருக்கால் குனிந்து அந்தத் துண்டுகளை என்னோடு சேர்ந்து பொறுக்கியிருந்தால், 'இது ஆர் வாங்கித் தந்தது பெரியம்மா' என்று கேட்டிருந்தால், எனக்கு அது காணும். கைபிடி உடைந்த ஒரு கோப்பையை இன்னும் வைத்திருக்கிறேன், சாமியறையில் பூப்போட.

முதலில் எழுதின தங்கச்சி, நீர் மூன்று மாதம் பிந்திக் கட்டியிருந்தாலும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கதைத்தீரே, அது பெரிய விஷயம்.

தெஹிவளை, இரண்டு பிள்ளைகளின் அப்பா

எனக்கு இதில் கொஞ்சம் வேறு எண்ணம். பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் வீட்டுக்காரரும் இரண்டு சாமானை மேலே தூக்கி வைக்கத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் ரீவி மேசையில்தான் இருந்தது. அக்காவின் மகன் அதில் பிடித்து ஏற, ரீவி அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்று ரீவி போனதை யாருமே யோசிக்கவில்லை. அடுத்த நாளே புதிதைச் சுவரில் பூட்டினேன். அக்கா காசு தரப் பார்த்தா, நான் வாங்கவில்லை. அது என் கவனக்குறைவு. எல்லாவற்றையும் வருகிறவர்களின் தலையில் கட்டக்கூடாது. ஆனால் அழைத்தவர் எடுத்துவைக்கவில்லை என்பதைப் பிள்ளையின் தாய் தகப்பன் சாட்டாகச் சொல்லவும் கூடாது. அதை நானாக ஒத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சட்டம் படித்த ஒருவர்

இப்படி உடைந்தால் யார் கட்டவேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்று சிலர் கேட்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். இலங்கையில் இப்படியான நட்டஈட்டு வழக்குகளுக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தவறு செய்யும் பொறுப்பே கிடையாது. 'என் பிள்ளை' என்ற ஒரே காரணத்துக்காகத் தாய் தகப்பனும் கட்டவேண்டியதில்லை. அவர்கள் தாங்களே கவனக்குறைவாக இருந்தார்களா என்பதுதான் கேள்வி. பாரமான இரும்புச் சாமானைக் கையில் கொடுத்துவிட்டுப் பார்க்காமல் விட்டது அந்தக் கேள்விக்குள் வரும். ஆனால் மச்சாள்மார் ரீவிக்காக நீதிமன்றம் போனதை நான் கண்டதில்லை. போகாமல் மூன்று வருஷம் முகம் பார்க்காமல் இருந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன்.

முதலில் எழுதியவர்

அம்மம்மா, துண்டு பொறுக்கின கதையை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். நானும் அன்றைக்குக் குனியவில்லை. கீழே கிடந்த காரைக்கூட மச்சாள்தான் எடுத்து என் பைக்குள் வைத்தா.

அந்தக் கார் இப்போது வீட்டை விட்டு வெளியே போவதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் துணிப் பொம்மையும் கிறயோனும்தான். போனவுடன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்து, "இது மாமியின்ர, நாங்கள் பாக்கிறது மட்டும்" என்று ஒவ்வொன்றாகக் காட்டுவேன். ஐந்து நிமிஷம் பிடிக்கும். ஹோலில் இவர் அவனோடு இருந்தால்தான் நான் குசினிக்குள் போவேன். அதைப் போகும் வழியிலேயே கதைத்து வைத்துவிடுகிறோம்.

போன பொங்கலுக்கும் மச்சாள் வீட்டுக்குத்தான் போனோம். அவன் ஹோலுக்குள் ஓடிப்போய், ரீவிக்கு முன்னால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மச்சாள் சிரித்துக்கொண்டே போய் அவனைத் தூக்கி மடியில் வைத்து, ரிமோட்டை அவன் கையில் கொடுத்தா.