ஹோலின் ஏத்தியும் செல் உடையலை. அவசரம்!

கொம்தார்_நிழல்: லேம்டா பேஜோட (பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ்) ஹோலினை, அதாவது செல் சவ்வுல துளை போடுற புரதத்தை, பெட்-28ஏ பிளாஸ்மிட்ல குளோன் பண்ணியாச்சு, சீக்வென்ஸ் சரி. ஜீனை இயக்குற ஐபிடிஜி போட்டு ரெண்டு மணி நேரம், ஓடி (கல்ச்சரோட கலங்கல் அளவு) இறங்கவே இல்லை. நாளைக்குத் தைப்பூசம், லேப் பூட்டிடுவாங்க. உதவுங்க.

அகார்_தட்டு: எந்த ஸ்ட்ரெய்ன்? ஐபிடிஜி எவ்வளவு? ஓடி ஏறுதா, அப்படியே நிக்குதா?

செந்தூல்_57: லீக்தான், வேறென்ன. ஐபிடிஜி போடுறதுக்கு முன்னாடியே கசியுற ஹோலின் செல்லைக் கொன்னுடும், மியூட்டன்ட்தான் மிஞ்சும். கசிவை அடக்குற பிளைஸ்எஸ் பிளாஸ்மிட் உள்ள செல்லுக்கு மாத்துங்க.

பழைய_பேஜ்: அடிப்படை தெரியாம ஐபிடிஜியை வீணாக்காதீங்க தம்பி. ஹோலின் உள்சவ்வைத்தான் துளைக்கும். சுவரை அறுக்கிறது எண்டோலைசின் ஆர். அது இல்லாட்டி செல் சாகும், உடையாது. செந்தூல், பிளைஸ்எஸ் தர்ற டி7 லைசோசைமும் ஒரு எண்டோலைசின்தான். ஹோலின் துளை போட்டா அதுவே சுவரை அறுக்கும். அப்புறம் எது உடைச்சதுன்னு எப்படிச் சொல்வீங்க?

கொம்தார்_நிழல்: சாரி, ஆர் தனி பிளாஸ்மிட்ல இருக்கு, சொல்ல மறந்துட்டேன். ஸ்ட்ரெய்ன் பிஎல்21-டிஇ3, ஓடி 0.4-ல 0.5 மில்லிமோலார் ஐபிடிஜி. ஓடி ஏறிக்கிட்டே போகுது.

அகார்_தட்டு: ஏறுதுன்னா சவ்வுல துளையே விழலை. எந்த சைட்ல வெட்டி ஒட்டினீங்க? ஹோலின் எந்த மெத்தியோனின்ல தொடங்குது?

கொம்தார்_நிழல்: என்டிஇ1, எக்ஸ்எச்ஓ1. மூணாவது கோடான்ல இருக்கிற மெத்தியோனின், அதாவது 105 அமினோ அமில ஹோலின் எஸ்105.

அகார்_தட்டு: அப்போ முன்னால ஹிஸ் டேக் (புரதத்தைப் பிரிச்செடுக்க உதவுற ஹிஸ்டிடின் தொடர்) ஒட்டியிருக்கு, அதுல ஒரு அர்ஜினின். ஹோலினோட நீள வடிவம் எஸ்107-ல கூடுதலா இருக்கிறது ஒரு மெத்தியோனினும் ஒரு லைசினும்தான். அந்த லைசினோட ஒரு பாசிடிவ் சார்ஜ் முதல் சவ்வுத்துண்டை உள்ளே நுழையவிடாது, அதனாலதான் அது ஹோலினைத் தடுக்கிற ஆன்டிஹோலின். உங்க டேக்கும் அதையே செய்யுதுன்னு நினைக்கிறேன். முதல்ல ஆரைச் சோதிங்க: 1 மில்லி கல்ச்சர், சவ்வைக் கிழிக்க 20 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம். கண்ணாடிக் குழாய்ல போடுங்க, ஓடி அளக்கிற பாலிஸ்டைரீன் குவெட் கரைஞ்சிடும். ஓடி விழுந்தா ஆர் நல்லாயிருக்கு, பழுது ஹோலின்ல.

செந்தூல்_57: இந்த ஹோலினுக்குச் சல்லடைப் புரதம்னு தமிழ்ல வைக்கலாமே?

பழைய_பேஜ்: சல்லடைக்கண் சின்னது. லேம்டா துளை சராசரி 340 நானோமீட்டர், அது பொத்தல். 21-ஆம் பேஜோட பின்ஹோலின் துளைதான் சுமார் 2 நானோமீட்டர், எண்டோலைசின் அதுல நுழையவே நுழையாது. சவ்வு மின்னழுத்தம் விழுந்ததும், சவ்வுல கட்டிக்கிடக்கிற எண்டோலைசின் அவிழும், அவ்வளவுதான்.

செந்தூல்_57: பொத்தல் புரதமா? கேக்கவே கண்றாவியா இருக்கு அண்ணே.

பழைய_பேஜ்: அழகா இருக்கணும்னா கவிதை எழுதுங்க.

அகார்_தட்டு: திருவிழா முடிஞ்சப்புறம்: டேக்கைத் தவிர்க்க என்சிஓ1 சைட்டுக்கு மாறாதீங்க, அதுல ரெண்டாவது கோடான் ஜி-ல தொடங்கணும், எஸ்105-ல அங்கே இருக்கிற புரோலின் போயிடும். அதே என்டிஇ1–எக்ஸ்எச்ஓ1 துண்டை முன்னால டேக் வராத பெட்-22பி-க்கு மாத்துங்க. அதைத் தேர்ந்தெடுக்கிறது ஆம்பிசிலின் தட்டுல, பழைய கனமைசின் பிளாஸ்மிட் ஒட்டிக்கிட்டு வந்தாலும் முளைக்காது. கடைசியில ஸ்டாப் கோடான் இருக்கணும். டேக் போயிட்டா செந்தூல் சொன்ன கசிவு நிஜமாவே கடிக்கும், அதை அடக்க தட்டுலயும் இரவுக் கல்ச்சர்லயும் 1% குளுக்கோஸ் போட்டுடுங்க.

கொம்தார்_நிழல்: குளோரோஃபார்ம் போட்டதும் ஓடி 1.1-லிருந்து 0.2. ஆர் இருக்கு. நன்றி, தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்புறேன்.

பழைய_பேஜ்: ஸ்டாப் கோடான் இருக்கான்னு சொல்லவே இல்லையே தம்பி?