உச்சிக்கோடு: ஒரு பரிந்துரை

அண்ணாச்சி, வணக்கம்.

சேவா என்ற கணிதரின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் 'சீவியன்' (cevian) என்ற சொல்லையே தமிழிலும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முக்கோணத்தின் ஓர் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இழுக்கிற எந்தக் கோட்டுக்கும் ஒரு பொதுப்பெயர் வேண்டும், அதுதானே பேச்சு? அப்படிப்பட்ட மூன்று கோடுகள் எப்போது ஒரே புள்ளியில் சந்திக்கும் என்ற விதியை இத்தாலிக்காரரான சேவா 1678இல் அச்சிட்டார். ஸ்பெயினில் உள்ள ஸரகோஸாவை ஆண்ட அல்-முஃதமன் அதை 11ஆம் நூற்றாண்டிலேயே நிறுவியிருந்தார். அந்தத் தேற்றத்துக்குச் சேவாவின் பெயர் இருக்கட்டும். கோட்டுக்குத் தமிழிலேயே வைப்போம், 'உச்சிக்கோடு' என்று.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு ஒன்றை உள்ளிருந்து அண்ணாந்து பாருங்கள். முகட்டிலிருந்து உத்திரத்துக்கு ஒரு குத்துக்கால் இறங்கும். இருபக்கச் சரிவும் சமமாக இருந்தால் அது உத்திரத்தைச் சரிபாதியாக்கும், செங்குத்தாக நிற்கும், முகட்டுக் கோணத்தையும் இரண்டாகப் பகுக்கும். ஒரு பக்கச் சரிவு நீண்டுவிட்டால் போச்சு, நடுக்கோடு வேறு, குத்துக்கோடு வேறு, கோண இருசமவெட்டி வேறு. பிள்ளைகள் இந்த மூன்றையும் ஒட்டுறவு இல்லாத தனித்தனிப் பாடமாகப் படிக்கிறார்கள். மூன்றும் உச்சிக்கோடுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கோணக் கணக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். க, ச, ட என்று ஒரு முக்கோணம் போடுங்கள். க 70°, ச 50°, ட 60°. க-விலிருந்து கோண இருசமவெட்டி இறங்கி எதிர்ப்பக்கத்தை ப-வில் தொடட்டும். ப-வில் ட பக்கம் விழும் கோணம் கசப முக்கோணத்துக்கு வெளிக்கோணம். ஆகவே அது உள்ளெதிர்க் கோணங்களின் கூடுதல்: 50 + 35 = 85°. ச பக்கம் மிச்சம் 95°. இருசமவெட்டிக்குப் பதிலாகக் குத்துக்கோடு இறக்கினால் 50 + 40 = 90°. எந்த உச்சிக்கோட்டுக்கும் இதே கணக்குத்தான். பொதுப்பெயர் இல்லாமல் இதை ஒரே வாக்கியத்தில் எப்படிச் சொல்வது?

தென்காசி அக்கா கேட்டது நல்ல கேள்வி: உச்சி என்றதும் பிள்ளைகள் மேல்முனையை மட்டும் நினைக்க மாட்டார்களா? நினைப்பார்கள். ஆனால் பாடநூலில் மூன்று முனைக்கும் 'உச்சி' என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. பலகையில் முக்கோணத்தைச் சாய்த்தும் கவிழ்த்தும் வரைந்து காட்டினால் அந்த மயக்கம் போய்விடும். அவர்கள் சொன்ன 'முனைக்கோடு' எனக்கும் பிடித்தது. ஆனால் எந்தக் கோட்டுத்துண்டுக்கும் இரண்டு முனை உண்டு, அங்கேதான் இடிக்கிறது.

எதிர்ப்பக்கம் வரை போகவேண்டும் என்பது பெயரில் வரவில்லையே என்கிறீர்கள். நடுக்கோடு என்ற பெயரில் மட்டும் உச்சி எங்கே வருகிறது? அதை வரையறை சொல்லிக்கொள்ளும்.

பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கும் நண்பர்கள் இந்தப் பருவத்திலேயே இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதும்போது 'க்' விடாமல் எழுதுங்கள்: உச்சிக்கோடு, உச்சிக்கோடுகள்.